நாற்சார் வீட்டுப் பேய் தாய்வழியா, தகப்பன்வழியா?

முற்றத்து மல்லிகை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருசமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோதிக் வகை. ஒரு பழைய வீடு, ஒரு குடும்பம், அந்தக் குடும்பம் வெளியில் சொல்லாத ஒரு விசயம், அந்த வளவை விட்டுப் போகாத ஓர் ஆவி. களம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிராமம். 180 பக்கம் எழுதிய பிறகு நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்பதைத்தான் உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன்.

நான் வாசித்த ஆங்கிலக் கோதிக் நாவல்களில் பேய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சொத்துக் கதை இருக்கும். 1764இல் வந்த முதல் கோதிக் நாவலான 'த காசில் ஒஃப் ஒட்ராண்டோ'விலேயே அப்படித்தான்: பாட்டன் அநியாயமாகப் பிடித்த கோட்டை, பேரன் காலத்தில் கணக்குக் கேட்கிறது. அங்கே வீடு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். கலியாணம் கட்டி உள்ளே வருகிற பெண்தான் அந்நியம். அவளுக்குக் காட்டாத அறை, அவள் கையில் கொடுக்காத திறப்பு, மேல்மாடியில் யாரோ நடக்கிற சத்தம். பயம் முழுக்க அவளுடையது.

நானும் அதே வழியில் போனேன். என் கதாநாயகி மருமகளாக, நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு நாற்சார் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைக்கிறாள். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அரிசி கொழித்தபடி கடைசிவரை கேட்டார். சுளகைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஏன் பிள்ளை, இந்தப் பெட்டைக்குச் சீதன வீடு இல்லையோ? மாமியார் வீட்டில போய் ஏன் இருக்கிறாள்?"

அந்தக் கேள்வியோடு நாவல் சரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு வந்தது, அம்மாவின் வீடு அக்காவுக்குப் போனது. சங்கடப் படலையைத் தாண்டி அந்நியமாக உள்ளே வருகிறவர் மாப்பிள்ளை. அப்படியென்றால் எங்கள் கதையில் இரவில் முழித்திருந்து சத்தம் கேட்கிறவர் மருமகனா? அந்த வீட்டில் நடக்கிற ஆவி தாய்வழி ஆவியா? இதை யோசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உறுதிக்காரர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அம்மா சொன்னதில் ஒரு சட்டப் புத்தகமே இருக்கிறது. நான் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருசத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன். கதை எழுதத் தெரியாது, காணி உறுதி எழுதத் தெரியும்.

1707இல் ஒல்லாந்தர் எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோதே இந்தப் பிரிவு இருந்தது. தகப்பன் வழியாக வரும் முதுசம் ஆண் பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு, கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்தது தேடியதேட்டம். பிற்காலத்தில் இந்தக் கோடு நிறைய மாறிவிட்டது. ஆனாலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இன்றைக்கும் போகவில்லை.

நாவலுக்கு உதவும் என்று நினைக்கிற இரண்டு விசயத்தைச் சொல்கிறேன். ஒன்று, வீடு பெண்ணுடையது என்றாலும் தேசவழமைப்படி கணவன் எழுத்தில் சம்மதம் தராமல் அவள் அதை விற்க முடியாது. அவளுடைய வீடு, அவருடைய கையெழுத்து. இந்தப் பூட்டுக்குள் வாழ்ந்து முடித்த பெண்கள் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சீவிய உருத்து. தாய் தகப்பன் மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதும்போது, தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உருத்தை ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். வீடு கைமாறிவிட்டது, ஆனால் கொடுத்தவர் அங்கேயே இருக்கிறார். அவர் இருக்கும்வரை மகள் சொந்த வீட்டிலும் கொஞ்சம் விருந்தாளிதான்.

முற்றத்து மல்லிகை எழுதியது:

ஐயா, "சீவிய உருத்து" என்ற சொல்லை வாசித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். செத்த பிறகும் அந்த உருத்தை விட மறுக்கிற ஓர் அம்மம்மா! பேய் வந்துவிட்டது.

சோளகம் எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், அளவெட்டிப் பக்கம் பிறந்தவன். பேயை விடுங்கள், நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தயவுசெய்து பனிமூட்டம் போடாதீர்கள் அக்கா. எங்களூர்ப் பயம் வெயிலில் இருக்கிறது.

சின்ன வயதில் எங்களை வெளியே போகாதே என்று மறித்தது இரண்டு நேரத்தில். ஒன்று நடுச்சாமம், மற்றது உச்சி. "முனி உலாத்துற நேரம், புளியடிக்குப் போகாதை" என்பார் அப்பம்மா. காண்டாவனத்து மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். செம்பாட்டு மண் கொதிக்கிறது. ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. ஆட்களின் நிழல் காலடிக்குள் சுருண்டு கிடக்கிறது. பனங்கூடலில் மட்டும் காவோலைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, யாரோ பாயை விரித்துச் சுருட்டி மறுபடி விரிப்பதுபோல. ஒரு காவோலை கழன்று விழுந்தால் ஆள் குதித்தமாதிரி இருக்கும். இரவில் பயம் வந்தால் விளக்கைக் கொளுத்தலாம். எல்லாம் வெளிச்சமாகத் தெரியும் நேரத்தில் வருகிற பயத்துக்கு என்ன செய்வது?

இரவுதான் வேண்டும் என்றால் விண் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் பெரிய பட்டத்தில் விண் என்கிற, காற்றில் கூவும் நார் வில்லைப் பூட்டி ஏற்றி, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போவார்கள். விடிய விடிய அது வானத்தில் கூவும். காற்று ஏறும்போது குரல் ஏறும், விழும்போது முனகும். என் தங்கைக்கு நாலு வயதில், அதை யாரோ மேலே இருந்து அழுகிறார்கள் என்றுதான் நினைப்பு. கயிறு அறுந்து சத்தம் திடீரென்று நின்ற ஓர் இரவில் முழு வீடும் எழும்பிவிட்டது. சத்தத்துக்கு அல்ல, சத்தம் நின்றதற்கு.

கல்வீட்டுப் பேத்தி எழுதியது:

பேய் வகையிலும் கவனம் வேண்டும். வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, கொலுசுச் சத்தம் எல்லாம் படத்தில் பார்த்தவை. எங்கள் ஊரில் ஒவ்வொன்றுக்கும் இடமும் வேலையும் உண்டு. முனி மரத்தில். வைரவர் காவல், வளவு மூலையில் ஒரு சூலம் நட்டாலே அவர் இருக்கிறார். கொத்தி பிள்ளைப்பெறு வீட்டை நாடி வருவது. பிள்ளை பிறந்ததும் மருத்துவிச்சி கொத்தியை விரட்டும் சடங்கு செய்வார் என்று என் ஆச்சி சொல்லியிருக்கிறார்.

அண்ணை ஒருவர் முனியைச் சொன்னார். சரி, ஆனால் முனி வீட்டுக்கு வெளியே. உங்கள் நாவலுக்குப் பொருந்துவது கொத்தி என்பது என் எண்ணம். அது முழுக்கப் பெண்களின் பயம். தாய், மகள், பேத்தி என்று இறங்குகிற வீட்டில், ஒவ்வொரு தலைமுறையும் பிள்ளை பெறுகிற அதே மூலை அறையைத் தேடி வருகிற ஒன்று. ஆண்கள் விறாந்தைக்கு அப்பால் நிற்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வடலி எழுதியது:

நான் கொஞ்சம் மறுத்துப் பேசப்போகிறேன், கோபம் இல்லை. முனி, கொத்தி, அம்மம்மா எல்லாம் சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பாழ் வீட்டை எழுதிவிட்டு, அது ஏன் பாழானது என்று சொல்லாமல் போகலாமா? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. அதற்கு ஐந்து வருசம் முன்னால், 1990 ஒக்டோபர் முடிவில், முஸ்லிம் மக்களை வெளியேற்றிச் சோனகதெருவைச் சில மணி நேரத்தில் வெறுமையாக்கினோம். "வெறுமையாக்கினார்கள்" என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. அந்த வீடுகளில் நடக்கிற ஆவி யார்? எங்களைத் தேடி வருகிற கணக்கு அது.

என் பெற்றோரின் வீடு வலிகாமம் வடக்கில். 1990இல் விட்டு வந்தது, திரும்பிப் பார்க்க இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஆனது. கூரை இல்லை. கதவு, யன்னல், நிலை எல்லாம் பிடுங்கிப் போயிருந்தது. சாமியறைக்குள் ஓர் ஆலமரம், என்னைவிட உயரம். அம்மா அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆலம் வேருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சருகைக் கையால் ஒதுக்கினார். சிவப்புச் சீமேந்து நிலம் தெரிந்தது. அதில் ஒரு வட்டம், சுற்றியிருந்த நிலத்தைவிடக் கறுப்பு. குத்துவிளக்கு நின்ற இடம். எத்தனையோ வருசம் சிந்திய எண்ணெய் சீமேந்துக்குள் இறங்கியிருந்தது. அம்மா விரலால் அந்த வட்டத்தைச் சுற்றிவிட்டு, விரலை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குக் கற்பனைப் பேய் வேண்டியிருக்கவில்லை.

கல்வீட்டுப் பேத்தி எழுதியது:

வடலி, அந்த வட்டத்தை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போர் வந்த பிறகு எங்கள் எழுத்தில் எல்லாப் பாவமும் வெளியிலிருந்து வந்ததாகிவிட்டது. வீட்டுக்குள் நாங்களே செய்தவற்றை எழுத ஒரு வடிவம் வேண்டாமா? கோதிக் அதற்குத்தானே? குடும்பம் தன் கையால் செய்து, தன் வாயால் மறைத்தது.

வடலி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். 1990ஐச் சொன்னதும் அதற்காகத்தான்.

கிழக்கு வேலி எழுதியது:

மூன்று நாளாக வாசித்துக்கொண்டு இருந்தேன். இப்போது எழுதாவிட்டால் பிறகு எழுதமாட்டேன்.

இந்த இழையில் எல்லாரும் வீடு யாருக்கு வந்தது என்று கதைக்கிறீர்கள். எங்கள் ஆச்சி நாற்பது வருசத்துக்கு மேல் ஒரு நாற்சார் வீட்டில் வேலை செய்தவர். நெல் குற்றுவது, மா இடிப்பது, முற்றம் கூட்டுவது, பிள்ளைப்பெறு வீட்டுத் துணி தோய்ப்பது. முற்றத்துக்கு அப்பால் அவர் போனதில்லை, விடவும் மாட்டார்கள். தேத்தண்ணி சிரட்டையில். கிணற்றுக்கட்டில் கால் வைக்கக்கூடாது. குடத்தோடு தள்ளி நிற்பார், அந்த வீட்டு ஆட்கள் யாராவது வந்து அள்ளி ஊற்றவேண்டும். உச்சி வெயிலில் ஒரு குடம் தண்ணீருக்காக ஒரு மணித்தியாலம் நின்ற நாளை அம்மா சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது, ஆச்சியின் சேலையின் நிழலுக்குள் நின்றாராம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் எங்கள் ஆட்கள் உள்ளே விடு என்று கேட்டு நின்றதும் இதே வெயிலில்தான்.

பிறகு அந்த வளவின் ஒரு துண்டு விலைக்கு வந்தபோது அதன் உறுதியை நான் வாசித்தேன். வீடு, கிணறு, மாமரம் இரண்டு, பலாமரம், தென்னை இத்தனை, பனை வடலி இத்தனை. மாமரத்துக்கு உறுதியில் இடம் இருக்கிறது. ஆச்சிக்கு இல்லை.

மல்லிகை அக்கா, உங்கள் அம்மம்மா செத்தபிறகு ஏன் வரவேண்டும்? அவருக்கு வீடு இருந்தது, மகள் இருந்தாள், எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்ய ஆள் இருந்தது. திரும்பி வருகிறவர் கணக்குத் தீராதவராக இருக்கவேண்டும் அல்லவா?

முற்றத்து மல்லிகை எழுதியது:

இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. கிழக்கு வேலி, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் வாசித்தேன். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். அம்மா அவருடைய பெயரைச் சொன்னார், அது எனக்கு முதல்முறை. பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: கோடிப்புறத்தில் இரண்டு பரப்புக் காணி அவருக்குத் தருவதாக அம்மம்மா வாய்ச்சொல் கொடுத்திருந்தாராம். எழுதவில்லை. "எழுதுவம் எழுதுவம் எண்டு இருந்து..." என்று தொடங்கி நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

என் நாவல் தாய்வழி வீடுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவது வீடு மட்டும் அல்ல, எழுதாமல் விட்ட அந்த இரண்டு பரப்பும்தான். அம்மம்மா பேய் இல்லை. அம்மம்மா வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர். ஆவி வீட்டுக்குள் வராது. உயிரோடு இருந்தபோதும் அவளை விடவில்லை, செத்த பிறகும் அவள் படி தாண்டமாட்டாள். உச்சிப் பொழுதில் கிணற்றுக்கட்டுக்குத் தள்ளி, குடத்தோடு நிற்பாள். யாரோ வந்து அள்ளி ஊற்றவேண்டும். மூன்று தலைமுறைப் பெண்கள் அவளைக் கண்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒவ்வொருவரும் யன்னலைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சித்திரா பௌர்ணமியில் கதையை முடிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு. அந்த வீட்டு மூத்த மகள் தன் தாய்க்காக விரதம் இருக்கிற நாளில், கிணற்றடியில் நிற்பவளும் ஒரு பிள்ளைக்குத் தாய்தான் என்பது அவளுக்கு விளங்கவேண்டும்.

உறுதிக்காரர் ஐயா, பழைய உறுதியில் அவளுக்குச் சீவிய உருத்து ஒதுக்கியிருந்தது, பிறகு மறைத்துவிட்டார்கள் என்று எழுதினால் பொருந்துமா?

உறுதிக்காரர் எழுதியது:

பொருந்தாது தங்கச்சி. சீவிய உருத்து ஆள் செத்ததும் முடிந்துவிடும். அதைக் கேட்டு ஓர் ஆவி வரமுடியாது.

உங்கள் அம்மா சொன்னபடியே விடுங்கள், அதுதான் சட்டத்துக்கும் சரி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சி வைத்து எழுதவேண்டும். வாய்ச்சொல் செல்லாது. அம்மம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். அதனால்தான் அது வெறும் மறதி என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்துத் தோட்டக் காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உருத்தும் சேர்த்து எழுதுவோம். நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று. அந்த உருத்து ஆளோடு சாகாது, நிலத்தோடு போகும். காணி எத்தனை கை மாறினாலும் தண்ணீர் கூடவே போகும். இரண்டு பரப்பைக் கிணற்றுப் பங்கோடு தருவதாக அம்மம்மா சொல்லியிருந்தால், அவள் கிணற்றடியில் நிற்பதற்கு நியாயம் இருக்கிறது. நான் எழுதிய காலத்தில் இதை யோசித்திருக்கிறேனா என்று இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று உறுதிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

சோளகம் எழுதியது:

நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல் என்பதையும் மறக்காதீர்கள். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது, இருக்கிற தண்ணீர் எல்லாம் கல்லுக்குள் இருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உப்பு. ஒரு வீட்டுக் கிணற்றில் மறித்த தண்ணீர் கீழால் ஊர் முழுக்கப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

முற்றத்து மல்லிகை எழுதியது:

முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத் தொடங்குகிறேன். மாப்பிள்ளை வந்து இறங்குகிறார், மத்தியானம். கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போகிறார். குடத்தோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து, ஊர் வழக்கம் தெரியாமல், "எணை, தண்ணி வேணுமோ?" என்று கேட்டுவிடுகிறார். அந்த வீட்டில் அவளோடு முதல் முதல் கதைத்தவர் அந்த அந்நியன்தான். வீட்டுக்குள் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்கிறது.

துலாவில் தண்ணீர் அள்ளுகிற சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு நினைவு தெரிந்தது முதல் மோட்டார்தான்.

கிழக்கு வேலி எழுதியது:

எங்கள் தோட்டத்தில் துலா இன்னும் நிற்கிறது, பூவரசு ஆடுகால். துலா தாழும்போது ஒரு சத்தம், நிமிரும்போது வேறு சத்தம், வாளி தண்ணீரில் படுகிற நேரத்தில் இரண்டும் நின்றுவிடும். சொல்லி விளங்காது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. வெயில் சாய முதல், பன்னிரண்டு மணிக்கு வந்தால் நல்லது.